பெயர் எழுதாத முகங்கள்

நம் பாடசாலைகளில் இலங்கைச் சரித்திரம் கற்றவர் எவரும் ‘கோல்புறூக் – கமரன்’ என்னும் இரட்டைப் பெயரை மறந்திருக்க மாட்டார். இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்தது. சட்டநிரூபண சபை தோன்றியது. கண்டி நாடும் கரையோரமும் ஒரே நிருவாகத்தின் கீழ் வந்தன. தீவு 5 மாகாணங்களாக வகுக்கப்பட்டது என்று 1833ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களை விரல்விட்டு எண்ணி மனனம் செய்தவர்கள் நாம். ‘வட மாகாணம்’ என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளும் பெயரும் அந்த ஆண்டிற் பிறந்ததே.

பல ஆண்டுகள் சரித்திர ஆசிரியனாக நின்று இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். சார்ள்ஸ் ஹே கமரன் என்ற சட்ட அறிஞர் இத்தீவின் நீதித்துறையை ஆராய்ந்து 1832இல் அறிக்கை எழுதினார் என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். நான் படிப்பித்த பாடநூல்கள் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. அந்தக் கமரனை இன்று உலகம் அவருடைய மனைவிக்குக் கணவர் என்ற முறையிலேயே பெரிதும் அறிந்துவைத்திருக்கிறது. மனைவியின் பெயர் ஜூலியா மார்கரெட் கமரன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகைப்படக் கலைஞருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். அவர் உடல் அடங்கியிருப்பது இங்கிலாந்தில் அன்று. இந்தத் தீவின் மலைநாட்டில், பொகவந்தலாவையில்.

அவரைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. நாற்பத்தெட்டு வயதிற் புதிதாக ஒரு கலையைத் தொடங்கி, அதன் போக்கையே மாற்றிய பெண்ணின் கதை யாரும் கேட்கத் தக்கது என்பது ஒன்று. அக்கதை நம்மவர் சிலரிடம் வந்து முடிகிறது என்பதும், முடியும் இடத்தில் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது என்பதும் மற்றொன்று.

கல்கத்தாவிற் பிறந்தவர்

1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவிற் பிறந்தார் ஜூலியா. தந்தை ஜேம்ஸ் பற்றில் கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகத்தர். தாய் பிரெஞ்சுக் குடும்பத்தவர். உடன்பிறந்த பெண்கள் எல்லாரும் அழகுக்குப் பேர் பெற்றவர்கள். ஜூலியா ஒருத்திக்கே அந்தப் பேர் கிடைக்கவில்லை. அழகு அவர்கள் பங்காகவும் ஆற்றல் இவர் பங்காகவும் ஊரார் பிரித்துக்கொடுத்தனர். பிற்காலத்தில் வாழ்நாளெல்லாம் பிறர் முகத்தில் அழகைத் தேடி அலைந்த பெண் இவர் என்பதை நினைக்கும்போது, அந்தப் பங்கீட்டைச் சும்மா விட்டுவிட முடியவில்லை.

1836இல் உடல்நலம் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்த வேளையில் இருவரை அவர் சந்தித்தார். ஒருவர், தென்திசை வானத்து விண்மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்த சேர் ஜோன் ஹேர்ஷல். ஒளியால் வரையும் கலைக்கு ‘போட்டோகிராபி’ என்ற பெயரை 1839இல் வழங்கச் செய்தவரும், படத்தை நிலைநிறுத்தும் ‘ஹைப்போ’ உப்பின் குணத்தைக் கண்டவரும் அவரே. மற்றவர், தம்மிலும் 20 வயது மூத்த சார்ள்ஸ் கமரன். 1838இல் கல்கத்தாவில் ஜூலியாவுக்கும் கமரனுக்கும் திருமணம் நடந்தது. மெக்கோலே பிரபுவுடன் இந்தியச் சட்ட ஆணைக்குழுவிற் பணியாற்றிய கமரன் பின்னர் கல்கத்தாவின் உயர் சபையிலும் அங்கம் வகித்தார். 1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது.

கமரனின் நெஞ்சு மட்டும் இலங்கையிலேயே தங்கிவிட்டது. இங்கே அவர் மலைநாட்டில் நிலம் வாங்கியிருந்தார். வைற் தீவில், கவி தெனிசனின் வீட்டுக்கு அயலிலே, 1860இல் அவர்கள் குடியேறிய வீட்டுக்கு வைத்த பெயர் ‘டிம்போலா’. நம் மலைநாட்டு டிம்புலப் பகுதியின் பெயரே அது. அங்கே விளைந்த கோப்பிதான் அவர்கள் வாழ்வைத் தாங்கிய தூண்களுள் ஒன்று. இந்தச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர் வேண்டியிருக்கும்.

கோழிக்கூடும் கரிக்கொட்டிலும்

1863ஆம் ஆண்டின் இறுதியில், கணவர் தோட்டங்களைப் பார்வையிட இலங்கைக்கு வந்திருந்தபோது, தனித்திருந்த தாய்க்குப் பொழுதுபோகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அது கையில் அடங்கும் கருவியன்று. மரப்பெட்டி, கனத்த வில்லை, முக்காலி, அகன்ற கண்ணாடித் தகடுகள், மருந்துப் போத்தல்கள் என்று ஓர் அறையை நிறைக்கும் சாமான். வீட்டின் கரிக்கொட்டில் இருட்டறையாயிற்று. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. கோழிகள் விடுதலை பெற்றன.

அக்காலத்துப் படப்பிடிப்பு எத்தகைய உழைப்பு என்பதை இன்று கைப்பேசியை நீட்டிப் படம் பிடிப்போர் அறியார். கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் என்னும் பசையைச் சீராக ஊற்ற வேண்டும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அதைத் தோய்க்க வேண்டும். ஈரம் உலருமுன் கமராவினுட் செலுத்தி ஒளி காட்டி, உலருமுன்னரே இருட்டறைக்குக் கொண்டோடி உருத்துலக்க வேண்டும். பிறகு கழுவ வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கிணற்றிலிருந்து வாளி வாளியாக நீர் வேண்டும். வெள்ளிக் கரைசல் பட்டுக் கைகள் கறுத்துப்போகும். இவற்றையெல்லாம் கற்றுக்கொடுக்க ஆளில்லாமலே பழகினார் அம்மையார்.

படத்துக்கு இருப்பவரின் பாடும் இலேசானதன்று. 3 நிமிடம், 5 நிமிடம், சில வேளை 7 நிமிடம்கூட இமை ஆடாமல் இருக்க வேண்டும். அவர் முதன்முதலிற் பிடித்தது ஊர்க் கமக்காரர் ஒருவரை. மணிக்கு அரைக் கிரவுண் கூலி கொடுத்து, பல மணி நேரம் இருக்கவைத்து, ஒருவாறு படம் தேறியது. வெற்றிக் களிப்பில் ஈரத் தகட்டைத் தூக்கிப் பிடித்தவர் கை வழுவிப் பூச்சை உரசிவிட்டார்; முகம் அழிந்தது. தம் வாழ்வு பற்றி 1874இல் எழுதத் தொடங்கி முடிக்காது விட்ட குறிப்பில் இதை அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கமக்காரர் ஒரு பழைய அரசரைப் போல் இருந்தார் என்று சொன்னவர், அவர் பெயரைச் சொல்லவில்லை.

1864 ஜனவரியில் ஆனி பில்பொற் என்ற சிறுமியின் படம் நன்கு விழுந்தது. ‘என் முதல் வெற்றி’ என்று அதன் கீழ் எழுதினார். அன்று தொடங்கி 11 ஆண்டுகள், வீட்டுக்கு வந்தவர், வாசலிற் போனவர், வேலைக்கு வந்தவர் எவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. கமராவை முகத்துக்கு மிக அருகே கொண்டுசென்றார். ஒரு பக்கமிருந்து மட்டும் ஒளி விழச் செய்து மறுபக்கத்தை இருளில் விட்டார். துல்லியமான கோடுகளை வேண்டாமென்று தள்ளி, முகம் மென்மையாகக் கரைந்து நிற்கும் நிலையிலேயே நிறுத்திக்கொண்டார். தொழில்முறைப் படப்பிடிப்பாளர் சிரித்தனர். புகைப்படச் சங்கத்தின் ஏடு, படங்கள் தெளிவற்றவை, கறை படிந்தவை என்று குறை கண்டது. எது சரியான தெளிவு என்று விதிக்கும் உரிமை எவருக்கு உண்டு என்று அவர் ஹேர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் திருப்பிக் கேட்டார்.

அந்த ஹேர்ஷலையே 1867இற் படம் பிடித்தார். முதியவரின் தலைமயிரைக் கழுவச் செய்து, அது வெண்பஞ்சு போல் விரிந்து நிற்க, இருளிலிருந்து ஒரு முகம் மட்டும் ஒளியோடு வெளிப்படுமாறு எடுத்த படம் அது. சிந்திப்பவனின் முகம் எப்படி இருக்கும் என்று யாரேனும் கேட்டால் இன்றும் அதைக் காட்டலாம். கார்லைல், தெனிசன், டார்வின் முதலியோரின் முகங்களை உலகம் நினைவிற் கொள்வதற்கு இந்த அம்மையாரின் கண்ணாடித் தகடுகள் பெருங் காரணம். 1865இலேயே இலண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை விலைகொடுத்து வாங்கியது. 1868இல் அதே இடத்தில் அவர் படம் பிடிப்பதற்கென இரண்டு அறைகளும் கொடுத்தது. பிற்காலத்து எழுத்தாளர் வெர்ஜினியா வுல்ப் இவருடைய சகோதரியின் பேர்த்தி. 1926இல் இவர் படங்களைத் தொகுத்து நூலாக்கியவர்களுள் அவரும் ஒருவர்.

புகைப்படமும் கலைதானா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. அதிலே நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவரின் பங்கும் உண்டு. 1913இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்ரீக்லிற்ஸ் தமது ஏட்டில் கமரன் அம்மையாரின் படங்களை வெளியிட்டு, மறக்கப்பட்டிருந்தவரை மீண்டும் அரங்குக்குக் கொண்டுவந்தார். அதே ஸ்ரீக்லிற்ஸின் 27 படங்களை 1924இற் பொஸ்டன் நுண்கலைக் காட்சியகத்துக்குப் பெற்றுக்கொடுத்து, ஓவியத்துக்கு நிகரான ஆசனத்திற் புகைப்படத்தை அமர்த்தியவர், யாழ்ப்பாணத்து வேர் கொண்ட குமாரசுவாமி குடும்பத்தில் உதித்த கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி.

சவப்பெட்டியோடு வந்த பயணம்

1869இல் இலங்கைக் கோப்பிச் செடியின் இலையிற் செம்மஞ்சட் புள்ளிகளாக ஒரு பூஞ்சண நோய் கண்டது. சில ஆண்டுகளில் மலைநாட்டுக் கோப்பி சரியத் தொடங்கியது. டிம்போலா வீட்டின் வருவாயும் சரிந்தது. புதல்வர் சிலர் ஏற்கெனவே இலங்கையில் இருந்தனர். கணவருக்கோ கடைசி மூச்சை இத்தீவில் விட வேண்டும் என்ற ஆசை. 1875 ஒக்ரோபரில், 80 வயதுக் கணவரும் 60 வயது மனைவியும் கப்பலேறினர். கூடவே ஒரு பசுவும் இரண்டு சவப்பெட்டிகளும் ஏறின. சவப்பெட்டிகள் வெறுமையாகப் போவானேன் என்று பீங்கானும் கண்ணாடிச் சாமானும் அவற்றினுள் அடுக்கப்பட்டிருந்தனவாம். துறைமுகத்திற் கூலியாட்களுக்குக் கொடுக்கப் பணம் போதாமல் அம்மையார் புகைப்படங்களைக் கொடுத்தார் என்றும் சொல்வர்.

களுத்துறையிற் கடலை அண்டிய வீட்டில் வாழ்ந்தனர். நம் வெப்பமும் ஈரக்காற்றும் கொலோடியனுக்கு ஆகாதவை. மருந்துகளும் தூய நீரும் எளிதிற் கிடைப்பனவல்ல. படங்கள் குறைந்துபோயின. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை 30க்கு உட்பட்டவை. வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களைச் செய்தவருக்கு இது சிறு தொகை. ஆயினும் நமக்கு அதுவே பெருந்தொகை. ஏனெனில், அவற்றுட் பெரும்பாலானவற்றில் இருப்போர் இந்நாட்டு மக்கள். உழவர், தோட்டத் தொழிலாளர், வீட்டு வேலையாட்கள். அவருள் தமிழர் பலர் என்று ஆய்வாளர் கொள்வர்.

இன்று பெரிய அருங்காட்சியகங்கள் தம் செல்வங்களை இணையத்தில் விரித்து வைத்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் என் வீட்டு மேசையில் இருந்தபடியே அப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அக்காலத்தில் இலங்கையிற் கடை வைத்துப் படம் விற்ற ஐரோப்பியர், ‘தமிழ்ப் பெண்’, ‘சிங்கள ஆண்’ என்று சாதி சாதியாக வகைப்படுத்தி, அருங்காட்சியகத்துப் பூச்சிகளைப் போல் நம்மவரை நிறுத்திவைத்தனர். கமரன் அம்மையார் அப்படிச் செய்யவில்லை. முகத்துக்கு முகம் நின்று பார்த்திருக்கிறார். ஹேர்ஷலின் முகத்தில் எந்த மரியாதையோடு ஒளியை விழவிட்டாரோ, அதே மரியாதை இங்கும் தெரிகிறது. அந்த முகங்களில் அச்சமில்லை; பணிவும் இல்லை. பார்ப்பவரைத் திருப்பிப் பார்க்கும் முகங்கள் அவை.

பார்த்து முடித்தபின் படத்தலைப்புகளை வாசித்தேன். அங்கேதான் மனம் நின்றது.

வயது உண்டு, பெயர் இல்லை

களுத்துறைக் குடியானவர் குழு என்று ஒரு படம், 1878ஆம் ஆண்டளவில் எடுத்தது. அதன் கீழே அம்மையார் குறிப்பெழுதியிருக்கிறார். சிறுமிக்கு 12 வயது. முதியவர் தாமே அவள் தந்தை என்கிறார். தமக்கு வயது 100 என்றும் சொல்கிறார். இவ்வளவுதான் குறிப்பு. அந்த முதியவர் பேசியிருக்கிறார், அம்மையார் கேட்டிருக்கிறார். நூறு என்ற கணக்கில் அவருக்கு ஏற்பட்ட வியப்பும் நமக்குக் கேட்கிறது. வயதைக் கேட்டவருக்குப் பெயரையும் கேட்க எவ்வளவு நேரம் சென்றிருக்கும்?

1877இல் தாவர ஓவியர் மரியான் நோர்த் களுத்துறைக்கு வந்து கமரன் வீட்டில் தங்கினார். அவர் தம் நினைவு நூலிற் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று. படத்துக்கு நின்ற ஊரவர் ஒருவரின் முதுகின் வடிவழகில் மயங்கிய அம்மையார், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டிலே தோட்டம் இல்லை. அந்த மனிதருக்குத் தோட்டவேலை இன்னதென்றே தெரியாது. நகைச்சுவைக்காகச் சொன்ன கதை. நாமும் சிரிக்கலாம். சிரித்தபின் பார்த்தால், முதுகு சரித்திரத்தில் ஏறியிருக்கிறது, வேலையும் ஏறியிருக்கிறது, மனிதரின் பெயர் ஏறவில்லை.

அம்மையாருக்குப் பெயரின் அருமை தெரியாதா? தெரியும், நன்றாகத் தெரியும். தம் படங்களைப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கணக்கிற் பதிவு செய்தவர் அவர். படத்தின் அடியில் தம் பெயரைத் தம் கையாலேயே ஒப்பமிட்டவர். ஒரு பெண் அவ்வாறு செய்வது சிறிய காரியம் அன்று. இந்தியாவின் முதற் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா 1913இற் பிறந்தவர். 1947இன் சுதந்திரக் கொண்டாட்டங்களையும் 1948இற் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தையும் படம் பிடித்தவர். 2011இற் பத்மவிபூஷண் விருது பெற்றவர். அத்தகையவர் தொடக்கத்தில் எடுத்த படங்களும் கணவர் பெயரிலேயே அச்சேறின. அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பிறந்த கமரன் அம்மையார் தம் பெயரை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறர் பெயர் விடயத்திலே அவர் கைக்கொண்ட முறையை வரிசைப்படுத்திப் பார்த்தேன். பெரிய மனிதரைப் படம் பிடித்தால் அவர் பெயரே தலைப்பு. பெண்களைப் படம் பிடித்தால் பெரும்பாலும் புராணப் பெயரோ காவியப் பெயரோ தலைப்பு. அவர் வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியர் எத்தனையோ படங்களிற் கன்னி மரியாளாக இருக்கிறாள். மேரியாக இருப்பது சிலவற்றிலேதான். மூன்றாவது வரிசையில் நம்மவர். அவர்களுக்குச் சொந்தப் பெயரும் இல்லை, இரவற் பெயரும் இல்லை.

நிறம்தான் காரணம் என்று முடிவு கட்டவும் இடமில்லை. 1868இல் ஆங்கிலேயர் அபிசீனியாமீது படையெடுத்து, தந்தையை இழந்த 7 வயது இளவரசன் அலமாயுவை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றனர். அம்மையார் அவனைப் படம் பிடித்தார், பெயரும் எழுதினார். அவன் அரசகுமாரன். ஆகவே நிறத்தோடு நிலையும் சேர்ந்தே கணக்கை முடித்திருக்கிறது. உழைப்பவர் முகத்தில் அழகைக் காணும் கண் அவருக்கு இருந்தது. அது அந்தக் காலத்தில் அரிய கண். அந்தக் கண் இருந்தும், பெயரைக் கேட்கும் பழக்கத்தை அவர் பிறந்த வகுப்பு அவருக்குக் கொடுக்கவில்லை.

‘அரைப் பேர்’

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு இப்போது வருகிறேன். டிம்போலா வீட்டுக்குப் பணம் வந்த வழிகளுள் ஒன்று மலைநாட்டுக் கோப்பி. கோப்பியைப் பறித்தவர் யார்? தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்ற நம் இனத்தவர். வழியிற் பசியாலும் வாந்திபேதியாலும் விழுந்தவருக்குக் கணக்கில்லை. கமரன் தம்பதிகள் களுத்துறையில் வாழ்ந்த 1876 முதல் 1878 வரையான காலம், சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் உலுக்கிய காலம். அந்தப் பஞ்சமே அவர்களை மேலும் மேலும் இங்கே துரத்தியது. ஹேர்ஷலின் முகம் பதிந்த கண்ணாடிக்கும் அதிற் பூசிய வெள்ளிக்கும் கொடுத்த காசில் அவர்களுடைய வியர்வையும் கலந்திருந்தது. ஆக, களுத்துறையில் அம்மையார் தம் கமரா முன் இருத்தியவர்கள் அவருக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். அவர் கலைக்கு அறியாமலே முதல் போட்டவர்களின் இனத்தவர்.

தோட்டத்துப் பேச்சில் ஒரு சொல் உண்டு. ஒரு நாட் கூலியை அங்கே ‘ஒரு பேர்’ என்பர். வேலை குறைந்தால் ‘அரைப் பேர்’. பேரேட்டில் ஒருவரின் பெயருக்கு நேரே விழும் குறியே கூலியாதலால் வந்த வழக்கு. ஆட்சியாளரும் துரைமாரும் அவர்தம் பெயரைத் தேடியது கூலிக் கணக்குக்கு மாத்திரமே. அங்கும் பாதிப் பேர் வெட்டுப்படும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களிற் பெரும்பாலோரின் பெயரை நாட்டின் ஏட்டிலிருந்தே விலக்கிவிட்டது. எஞ்சியிருந்தோருக்கும் அதை மீட்டுக்கொடுக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்ல வேண்டியிருந்தது. பெயர் எழுதுதல் சிறு காரியம் என்று எண்ணுவோர் இந்த 55 ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் வீட்டுச் சுவரில்

வெள்ளைக்கார அம்மையாரைக் குறை சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட முடியுமா? நம் கல்லூரிகளின் பழைய ஆண்டு மலர்களை எடுத்துப் பாருங்கள். ஆசிரியர் குழுப் படத்தின் கீழே, இருப்பவர்கள், நிற்பவர்கள் என்று இடமிருந்து வலமாகப் பெயர்கள் ஒழுங்காக அச்சாகியிருக்கும். வரிசையின் ஓரத்தில், கைகட்டி, சற்றே விலகி நிற்பவர் ஒருவர் இருப்பார். மணி அடித்தவர்; மேசை துடைத்தவர். பெயர் வரிசை அவருக்கு முன்பே முடிந்திருக்கும். மூன்றாவது வரிசை நம்மிடமும் உண்டு.

நம் வீடுகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தவர் படத்துக்கு ஆசைப்பட்டவர்கள். கலியாணத்துக்குப் படம், வெளிநாடு போகும் பிள்ளைக்குப் படம், செத்த வீட்டிலே பிரேதத்தைச் சூழ உறவினர் நின்று ஒரு படம். இதைக் கண்டு சிரித்த பிறநாட்டார் உண்டு. 1872இற் கமரன் அம்மையாரின் வளர்ப்பில் இருந்த சிறுமி ஒருத்தி இறந்தபோது, அவரும் அந்தக் குழந்தை படுக்கையிற் கிடக்கும் கோலத்தைக் கண்ணீரோடு படமாக்கினார். பிரிய மனமில்லாத கை எந்த நாட்டிலும் கமராவைத்தான் தேடுகிறது போலும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி மழையில் நடந்தது. எங்கள் அயலில் வாழ்ந்த ஆச்சி ஒருவர் கையில் எடுத்துச் சென்றவை காணி உறுதியும், ஒரு சோடிக் காப்பும், பொலித்தீன் பையிற் சுற்றிய ஒரு படமுமே. ஸ்ரூடியோவில் எடுத்த பழைய குடும்பப் படம், ஒன்பது பேர். கொடிகாமத்து வீடொன்றின் தாழ்வாரத்தில் அதை அவர் எனக்குக் காட்டினார். படத்தின் பின்புறத்தில் ஸ்ரூடியோவின் முத்திரை. அதன் கீழே பென்சிலால் ஒன்பது பெயர்கள். குடும்பத்தவர் எட்டுப் பேரோடு, குழந்தையை ஏந்தி நின்ற வேலைக்காரப் பெண்ணின் பெயரும் அவள் ஊரும் அதில் இருந்தன.

“பேர் எழுதாட்டி, நாளைக்குப் பாக்கிறவை ஆரோ எண்டு போட்டு விட்டிடுவினம் தம்பி. என்ரை அண்ணையைத் தூக்கி வளத்தவள். அவளை ஆரோ எண்டு விடலாமோ?” என்றார் ஆச்சி.

புகைப்படம் பற்றி நான் படித்த நூல்கள் எவையும் இதைவிடத் தெளிவாக எனக்கு எதையும் கற்பிக்கவில்லை. முகத்தை ஒளி எழுதும். பெயரை மனிதர்தான் எழுத வேண்டும்.

பொகவந்தலாவையில் ஒரு கல்லறை

1878இல் ஒருமுறை இங்கிலாந்து சென்று மீண்ட கமரன் அம்மையார், 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெயான் தோட்டத்தில், மகனின் வீட்டிற் காலமானார். சாளரத்தின் வழியே வானத்தைப் பார்த்து ‘அழகு’ என்று சொல்லியபடி உயிர்விட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. கணவர் அடுத்த ஆண்டு மே மாதம் அவரைப் பின்தொடர்ந்தார். அதே 1879ஆம் ஆண்டின் டிசம்பரிலேதான் நம் நாவலர் பெருமானும் மறைந்தார் என்பதை, அந்தக் காலத்தை நம் கணக்கில் உணர விரும்புவோருக்காகச் சொல்லி வைக்கிறேன்.

சில ஆண்டுகளின் முன் பொகவந்தலாவைப் புனித மேரி தேவாலயத்துக்குச் சென்றிருந்தேன். சிறிய கற்கோவில், சுற்றிலும் தேயிலை. கோப்பி அழிந்த மண்ணில் எழுந்த பச்சை அது. கமரன் தம்பதிகளின் கல்லறை அங்கே பேணப்பட்டிருக்கிறது. பெயர்கள் கல்லிற் பொறித்திருக்கின்றன. அந்த மலைச்சரிவுகளில், பெயர் பொறித்த கல் எதுவும் இல்லாமல், தேயிலைக்கு உரமானவர்கள் எத்தனை ஆயிரவர்! அவர்களுள் ஒருவரேனும் அந்த முப்பது படங்களுள் ஒன்றில் இருந்து இன்றும் நம்மைப் பார்க்கக்கூடும். 2015இல், அம்மையார் பிறந்து 200 ஆண்டு நிறைந்ததை இலண்டனிற் பெரிய கண்காட்சி வைத்துக் கொண்டாடினர். தக்க மரியாதைதான். அவரை நானும் போற்றுகிறேன். நம்மவர் முகத்தை முகமாகவே பார்த்த அந்தக் கண்ணுக்கு நன்றி சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறேன். நன்றி சொல்லும் வாயாலேயே, அவர் கேளாமல் விட்ட கேள்வியையும் சொல்லத்தான் வேண்டும்.

களுத்துறை முதியவரின் பெயரை இனி எவராலும் கண்டெடுக்க முடியாது. நம் வீட்டுப் படங்களின் நிலை அவ்வளவு கெட்டுவிடவில்லை. 1981இல் நூல்நிலையம் எரிந்தபோதும், பின்வந்த இடப்பெயர்வுகளின் போதும் தப்பியவை சில இன்னும் அலுமாரிகளில் உண்டு. கடல் கடந்து கனடாவுக்கும் இலண்டனுக்கும் போனவையும் உண்டு. அந்த முகங்களை இன்னார் என்று சொல்லக்கூடிய ஓர் ஆச்சியோ அப்புவோ பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறார். அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே படத்தை அவர் மடியில் வைத்துக் கேளுங்கள். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்புறத்தில் எழுதுங்கள். பெயர், ஊர், உறவு, ஆண்டு. ஓரத்தில் நிற்பவரை விட்டுவிடாதீர்கள். அவர் பெயரையே முதலிற் கேளுங்கள். மற்றவர்களைச் சொல்ல ஆளிருக்கும்.